அடுக்களையின் அளவுகோல்



ஒரு வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் பெரும்பாலும் வாயிலிலிருந்தே தொடங்குவர். திண்ணையின் அகலத்தையும், நிலைக்கதவின் வேலைப்பாட்டையும், கூடத்துத் தூண்களையும் சொல்லிக்கொண்டே வருவர். பின்கட்டை நெருங்கும்போது நேரம் போதவில்லை என்று நிறுத்திவிடுவர். நான் இன்று பின்கட்டிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். குடும்பம் கூடி இருக்கவும், விருந்தினரை ஏற்கவும் ஏற்றவாறு அடுக்களையை எவ்வாறு திருத்தி அமைப்பது என்பதே என் பேச்சின் பொருள். ‘இது மகளிர் நிகழ்ச்சியில் பேசவேண்டிய பொருளாயிற்றே, ஒரு தலைமையாசிரியருக்கு இங்கு என்ன வேலை?’ என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நாற்பது வயது வரையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் என் வீட்டில் நேர்ந்தது என்ன என்பதையும் இன்று மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மதுரைக்கு வடமேற்கே, வையைக் கரையிலுள்ள சோழவந்தானில். தென்னந்தோப்புகளும் வெற்றிலைக் கொடிக்கால்களும் சூழ்ந்த ஊர். எங்கள் வீடு நாட்டு ஓடு வேய்ந்த சிறு வீடு. முன்னே திண்ணை, அடுத்து நடை, அதற்கப்பால் கூடம், எல்லாவற்றுக்கும் பின்னால் அடுக்களை. அதன் நீளம் பத்தடியும் அகலம் ஏழடியும் இருக்கலாம். சன்னல் என்று ஒன்று இல்லை. கூரையில் ஓரிடத்தில் கண்ணாடி ஓடு ஒன்றைப் பதித்திருந்தார்கள். நண்பகலில் அதன் வழியே ஒரு கற்றை வெயில் தரையில் விழும். அந்தக் கற்றைக்குள் புகை சுழன்று சுழன்று ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது சிறுவனாகிய எனக்கு ஒரு வேடிக்கை. மூலையில் மண்ணால் இட்ட கொடியடுப்பு. தென்னை மட்டையும் பன்னாடையும் கருவேலஞ் சுள்ளியும் பருத்திமாரும் அதற்கு இரை. மழைக்காலத்தில் விறகு எரியாது, புகையும். என் தாயார் ஊதுகுழலை எடுத்து ஊதுவார், இருமுவார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஊதுவார்.

அந்தப் புகைக்கும் ஒரு பயன் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூரை மரங்களைச் செல்லும் வண்டும் அண்டாதபடி அது காத்தது; பரண்மேல் கட்டித் தொங்கவிட்ட விதைக் கதிர்களைப் பூச்சி அணுகவிடவில்லை. பழைய வீடுகளைக் குறைகூறுவோர் இதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் மரத்தின்மேல் படிந்த அதே புகை என் தாயாரின் மார்பினுள்ளும் படிந்தது. அவர் இருமலோடுதான் வாழ்ந்தார். அதை ஒரு நோய் என்று வீட்டில் யாரும் எண்ணவில்லை, அவரும் எண்ணவில்லை.

விருந்தினர் வந்தால் ஆடவருக்கும் குழந்தைகளுக்கும் கூடத்தில் முதற்பந்தி. என் தாயார் அடுக்களையின் நிலைப்படியில் நின்று, எவர் இலையில் எது குறைகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். கூடத்தில் ஏதேனும் சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள். நான் குழம்புக் கிண்ணத்தை வாங்க உள்ளே போகும்போது, “என்னடா சொன்னார் மாமா?” என்று கேட்பார். நான் சொல்வேன். பாதி எனக்கு மறந்திருக்கும். மீதிப் பாதியை அவர் கேட்டு முடிப்பதற்குள் கூடத்திலிருந்து அழைப்பு வந்துவிடும். எல்லாரும் உண்டபின் அவர் தனியே அமர்ந்து உண்பார்.

குறுந்தொகையில் 167ஆம் பாட்டை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். புதிதாக மணமான பெண் ஒருத்தி தயிரைப் பிசைந்து புளிக்குழம்பு சமைக்கிறாள். கைவிரலைக் கழுவவும் நேரமில்லாமல் உடையில் துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணை நிறைக்கிறது. கணவன் உண்டு, இனிது என்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. கூடலூர் கிழாரின் பாட்டு அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை வகுப்பில் நடத்தினேன். முகம் மலர்ந்ததன் அழகை விரித்து விரித்து உரைத்தேன். கண்ணில் புகுந்த புகையைப் பற்றி ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. புலவர் அதைக் கவனித்துப் பாட்டில் வைத்தார். ஆசிரியனாகிய நான் அதைத் தாண்டிச் சென்றேன்.

அந்தப் புகையில் என்ன இருக்கிறது? விறகு முற்றும் எரிந்தால் எஞ்சுவது கரியமில வாயுவும் நீராவியும் சாம்பலுமே. காற்றுப் போதாமல் அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும், மிக நுண்ணிய கரித்துகள்களும் எழுகின்றன. இரண்டரை மைக்ரானுக்கும் சிறிய துகள்கள், அதாவது நம் தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவானவை, நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிடுகின்றன. கிர்க் சுமித் என்னும் அமெரிக்க அறிஞர் 1980களின் தொடக்கத்தில் குஜராத்துச் சிற்றூர்களில் சமைக்கும் பெண்கள் உட்கொள்ளும் புகையை அளந்து பார்த்தார். தொழிற்சாலைப் புகைபோக்கிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த உலகம், அதன்பின் அடுப்பங்கரையின் பக்கமும் மெல்லத் திரும்பியது. 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையால் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்திருப்பர் என்பது உலக நல்வாழ்வு நிறுவனத்தின் கணக்கு. அவர்களுள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

நம் நாட்டினர் இதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு என்பவர் புகைபோக்கியோடு கூடிய மண்ணடுப்பு ஒன்றை வகுத்து, அதைப் பற்றி 1953இல் ஒரு நூலும் எழுதினார். சென்னையில் அச்சான நூல் அது. பிறகு 1980களில் இந்திய அரசு, மேம்பட்ட அடுப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் அத்திட்டம் முடிவதற்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் நாடெங்கும் அமைக்கப்பட்டன. அவற்றுள் பல சில ஆண்டுகளுக்குள்ளேயே கைவிடப்பட்டன. ஏன்? அடுப்பின் வாய் ஓர் அளவு, வீட்டுப் பானையின் அடி வேறோர் அளவு. விறகைச் சிறு சிறு துண்டாகப் பிளந்தால்தான் உள்ளே செல்லும். பிளந்து தருவார் யார்? புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டால் கூரைமேல் ஏறித் துடைப்பார் யார்? இந்தக் கேள்விகளை அடுப்பை வகுத்தவர்கள் சமைப்பவரிடம் முன்கூட்டியே கேட்டிருக்கலாம். ஒடிசாவில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களை நான்காண்டு தொடர்ந்து ஆராய்ந்து, ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்னும் மூவர் 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். முதலாண்டில் புகை குறைந்தது. பிறகு அந்தப் பயன் மறைந்துவிட்டது என்பது அவர்கள் கண்ட முடிவு. அடுப்புகள் ஒழுங்காகப் பயன்படுத்தப்படவும் இல்லை, பழுதுபார்க்கப்படவும் இல்லை. அம்மூவருள் டஃப்லோ அம்மையார் 2019இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றார்.

விறகடுப்பை வென்றது இறுதியில் எரிவாயுதான். தமிழ்நாட்டில் 2007 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு விலையின்றி எரிவாயு அடுப்பு வழங்கியது. 2011இல் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கும் திட்டம் வந்தது. 2016 மே மாதத்தில் இந்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. மேலூர்ப் பக்கத்திலும் உசிலம்பட்டிப் பக்கத்திலும் சிற்றூர்களுக்குச் சென்று பார்த்தால், உள்ளே எரிவாயு அடுப்பும் வெளியே கொல்லையில் விறகடுப்புமாக இரண்டும் இருக்கும் வீடுகள் பலவற்றைக் காணலாம். வெந்நீர் போடவும், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்கவும், உருளை தீர்ந்துபோன வாரத்தில் சோறாக்கவும் விறகடுப்பு இன்னும் வேண்டியிருக்கிறது.

எரிவாயு வந்தபோது இன்னொரு மாற்றமும் அதனோடு சேர்ந்து வந்தது. அதை நாம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. என் தாயார் உட்கார்ந்து சமைத்தார். அடுப்பு தரையில், அம்மி தரையில், அரிவாள்மனையும் தரையில். எரிவாயு அடுப்போ உருளையைவிட உயரத்தில் இருக்கவேண்டும். ஆகவே மேடை கட்டினோம். அதன்மேல் கடப்பைக் கல்லைப் பதித்தோம். தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நிற்பவருக்கு மேடை எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்னும் கேள்வி அப்போதுதான் பிறந்தது. என் கதையும் இங்கேதான் தொடங்குகிறது.

1998இல் திருநகரில் ஒரு சிறு வீடு கட்டினேன். வரைபடத்தை நானே வரைந்தேன். கோணமும் அளவும் பிசகாத வரைபடம் என்ற பெருமை எனக்கு உண்டு. சுவர் எழும்பியபின் ஒரு நாள் கொத்தனார், “ஐயா, சமையல் மேடை எவ்வளவு உயரம் வைக்கலாம்?” என்று கேட்டார். ‘நீரே சொல்லும்’ என்றேன். அவர் என்னை நிற்கச் சொல்லி, என் முழங்கையிலிருந்து ஒரு சாண் அளவு கீழே இறக்கிச் சுவரில் கரிக்கோடு இழுத்தார். தரையிலிருந்து 36 அங்குலம். நான் ஐந்தடி ஒன்பது அங்குல உயரம் உள்ளவன். என் மனைவி ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அந்த மேடையில் சமைக்கப் போகிறவர் அவர். அளவு எடுத்ததோ என் கையில். கொத்தனாருக்கும் அது விந்தையாகத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. என் மனைவி அப்போது சற்றுத் தள்ளி, வேலையாட்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேடை 36 அங்குலம். அதன்மேல் அடுப்பு 5 அங்குலம். அதன்மேல் சோற்றுப் பானை 10 அங்குலம். ஆக, பானையின் விளிம்பு தரையிலிருந்து 51 அங்குலத்தில் நிற்கும். ஐந்தடிக்குக் குறைவான ஒருவரின் தோள் ஏறத்தாழ 48 அங்குல உயரத்தில் இருக்கும். தோளுக்கு மேலே இருக்கும் பானையைத்தான் அவர் நாள்தோறும் மூன்று வேளையும் கிளறினார். இந்தக் கூட்டற் கணக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கணக்கு ஆசிரியனாகப் பணியைத் தொடங்கிய எனக்கு அது மூன்றாண்டுக் காலம் தோன்றவில்லை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த மணைப்பலகை ஒன்றைத் தரையில் போட்டு, அதன்மேல் நின்று சமைத்தார். நான் அடுக்களைக்குள் சென்றதெல்லாம் தண்ணீர் குடிக்கவே. பலகையைக் கண்டிருப்பேன், அதைப் பற்றிக் கருதவில்லை. 2001ஆம் ஆண்டு ஒரு காலையில் அவர் சோறு வடிக்கப் பானையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கியபோது, பலகையின் விளிம்பில் கால் தவறியது. கொதிக்கும் கஞ்சி வலக்காலில் கொட்டிவிட்டது. ஆறு வாரம் படுக்கையில் இருந்தார். அந்த ஆறு வாரமும் நான் சமைத்தேன்; சமைத்தேன் என்று சொல்வதைவிட, அடுப்பை மூட்டினேன் என்று சொல்வது பொருந்தும். அப்போதுதான், எனக்கு அந்த மேடை மிகவும் வசதியாக இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டேன். வாழ்நாளில் நான் அவ்வளவு வெட்கியதில்லை.

அவர் எழுந்து நடக்கத் தொடங்கியதும், அடுக்களையை இடித்துக் கட்டுவோம், எப்படி வேண்டும் என்று கேட்டேன். முதலில் மேடையின் உயரத்தைத்தான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. “கூடத்துப் பக்கச் சுவரைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். நீங்களெல்லாம் பேசிச் சிரிக்கிறீர்கள், என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரிவதில்லை,” என்றார். என் தாயார் நிலைப்படியில் நின்று கேட்ட கேள்வி அது. முப்பது ஆண்டு கழித்து, வேறொரு வீட்டில், வேறொருவர் வாயிலிருந்து வந்தது.

சுவர் முழுவதையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். இக்காலத்துப் புதுவீடுகளில் கூடமும் அடுக்களையும் ஒன்றாகவே இருக்கின்றன. பார்வைக்கு விசாலமாக இருக்கிறது. அவர் வேண்டாம் என்றுவிட்டார். மிளகாய் வறுக்கும் நாளில் கூடத்தில் ஒருவரும் உட்கார முடியாது; தாளிக்கும் நெடி திரைச்சீலையிலும் மெத்தையிலும் ஏறிக்கொள்ளும் என்பது அவர் சொன்ன காரணம். மேல்நாட்டுச் சமையலில் அவிப்பதும் வாட்டுவதும் மிகுதி; நம் சமையலிலோ கடுகு வெடிக்காமல் ஒரு வேளையும் கழிவதில்லை. அவர்களுடைய வீட்டு அமைப்பை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்தால் தும்மல்தான் மிஞ்சும். ஆகவே மூன்றரை அடி உயரத்துக்குச் சுவரை விட்டு, மேற்பகுதியை மட்டும் திறந்து, வேண்டும்போது சாத்திக்கொள்ள மடக்குக் கதவு அமைத்தோம். சுவரின்மேல் ஒரு பலகைக் கல். சமைத்தவை அதன் வழியாகக் கூடத்துக்கு வரும். கூடத்துப் பேச்சு அதன் வழியாக அடுக்களைக்குப் போகும்.

மேடையை இரண்டு உயரமாகக் கட்டினோம். அடுப்பு இருக்கும் பகுதி 28 அங்குலம். காய் நறுக்கும் பகுதியும் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பும் 33 அங்குலம். கழுவும் தொட்டியில் கை வேலை செய்வது விளிம்பில் அன்று, அடியில். ஆகவே விளிம்பு சற்று உயர்ந்திருந்தால்தான் முதுகு வளையாது. கட்டட நூல்களில் ஒரே உயரம் போட்டிருக்கும். கொத்தனார்களுக்கும் ஒரே மட்டமாகக் கல் பதிப்பதுதான் எளிது. கிழக்கே கறிவேப்பிலை மரத்தைப் பார்த்து ஒரு சன்னல் வைத்தோம்; அதற்கு எதிர்ச்சுவரில், அடுப்புக்கு நேர்மேலே, புகையை வெளித்தள்ளும் விசிறி. விசிறியைச் சன்னலுக்குப் பக்கத்திலேயே வைப்பவர் பலர். சன்னல் வழியே வரும் புதுக்காற்றையே அந்த விசிறி மறுபடி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். புகை இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு மூலையில் தரையோடு ஒட்டிய சிறு திண்ணை ஒன்றும் கேட்டார், உட்கார்ந்து கீரை ஆய. அந்தத் திண்ணைதான் இன்று எங்கள் வீட்டில் எல்லாரும் போட்டியிடும் இடம்.

நான் செய்த பிழையை உலகப் புகழ் பெற்றவர்களும் செய்திருக்கிறார்கள் என்பதைப் பின்னாளில் படித்து அறிந்தபோது சற்று ஆறுதல் உண்டாயிற்று. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்தில் 1926இல் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டினார்கள். அவ்வீடுகளின் சமையலறையை வகுத்தவர் மார்கரெட்டே சூட்டே-லிஹொட்ஸ்கி என்னும் வியன்னா நகரத்துப் பெண்மணி. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். இரயிலில் உணவுப் பெட்டி எவ்வளவு சிறியதாயினும் எத்தனை பேருக்குச் சமைக்கிறது என்பதைக் கண்டு, அதைப் போலவே அடியெடுத்து வைக்கும் தொலைவையெல்லாம் எண்ணி எண்ணி அமைத்தார். அரிசி, மாவு, சர்க்கரை ஒவ்வொன்றுக்கும் கைப்பிடியுள்ள தனித்தனி இழுப்பறை. ஏறத்தாழ 10,000 வீடுகளில் இது அமைந்தது. இன்று உலகெங்கும் விற்கப்படும் சமையலறை அலமாரித் தொகுதிகளுக்கெல்லாம் பாட்டி என்று இதைச் சொல்லலாம். ஆனால் அதில் ஒருவர் மட்டுமே நிற்க முடிந்தது. உதவிக்கு வரும் மகளுக்கு இடமில்லை. குழந்தை விளையாட இடமில்லை. பழைய வீட்டில் அடுப்பைச் சுற்றிக் கூடியிருந்த குடும்பம் அப்பால் போய்விட்டது. சமைப்பவர் தனித்துப்போனார் என்று பின்னாளில் பலர் குறைகூறினர். அதை வகுத்த காலத்தில் தமக்குச் சமைத்துப் பழக்கமே இல்லை என்பதை அந்த அம்மையாரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் எனக்கு மதிப்பு மிகுதி. அவர் 2000ஆம் ஆண்டில் தம் 102ஆம் வயதில் காலமானார்.

விருந்து பற்றியும் சொல்லவேண்டும். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். மதுரையில் ஒரு வீட்டு அடுக்களைக்குத் தேர்வு நடப்பது சித்திரை மாதத்தில். மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு வந்த உறவினர், அழகர் ஆற்றில் இறங்கும் வரையில் இருப்பர். ஐவர் வாழும் வீட்டில் பதினெட்டுப் பேர் உண்பர். அந்த நாட்களுக்காகப் பெரிய அடுக்களை கட்டினால் ஆண்டின் மற்ற நாட்களில் அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே வீணாக நடக்கவேண்டி வரும். இதற்குக் கொல்லைப்புறம் உதவுகிறது. அடுக்களையின் பின்வாயிலை ஒட்டி, கூரை மட்டும் உள்ள ஒரு தாழ்வாரம். அதில் பெரிய பானைகளுக்கு ஒரு தனியடுப்பும், கழுவ ஒரு தொட்டியும். காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. வளவைச் சுற்றி மணமான மகன்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. ஒரே வீட்டுக்குள் தனித்தனிப் புள்ளிகளாகத் தனித்தனி உலை. திருமணம் முதலிய விழா நாட்களில் எல்லாருக்கும் பொதுச் சமையல். நாள்தோறும் நடக்கும் சமையலுக்கு ஓரிடம், பெருங்கூட்டத்துச் சமையலுக்கு வேறோரிடம் என்று பிரித்தது அவர்களுடைய பட்டறிவு.

அமெரிக்காவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு மதுரைக்கு வந்திருந்தார். அங்குள்ள வீடுகளில் தரைக்கு அடியில் நிலவறை அமைத்து, அதையே குடும்பம் கூடும் இடமாகவும் விருந்தினர் அறையாகவும் திருத்திக்கொள்கிறார்களாம். தாம் இங்குக் கட்டப்போகும் வீட்டிலும் அப்படி ஒன்று வேண்டும், அதிலேயே ஒரு சிறு அடுப்பும் வேண்டும் என்றார். ஏன் அங்கே நிலவறை உண்டாயிற்று என்று அவரைக் கேட்டேன். விடை அவருக்குத் தெரியவில்லை. வடபுலத்துக் குளிரில் நிலம் நான்கடி, ஐந்தடி ஆழம் வரையில் உறைகிறது. உறையும் நீர் பருத்து, மேலோடு கட்டிய கடைக்காலைத் தூக்கிவிடும். ஆகவே உறைவு எட்டாத ஆழத்துக்குத் தோண்டியே தீரவேண்டும். அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் சில அடி தோண்டினால் ஓர் அறை கிடைத்துவிடுகிறது. மதுரைச் சமவெளியில் நிலம் உறைவதில்லை. ஐப்பசி மழையில் ஊறத்தான் செய்யும். அது போகட்டும், நீர் புகாமல் கட்டவும் வழியுண்டு. ஆனால் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே எழுந்து சன்னல் வழியே போகாது. தரையில் படிந்து, பள்ளத்தைத் தேடி இறங்கி, அங்கே தங்கும். நிலவறையில் தங்கிய வாயுவுக்கு வெளியேற வழியில்லை. ஒரு மின்பொத்தானின் பொறி போதும். எரிவாயு உருளையை ஒருபோதும் தரைமட்டத்துக்குக் கீழே வைக்கலாகாது. சாதாரண அடுக்களையிலும் உருளை இருக்கும் இடத்தில் தரையை ஒட்டி ஒரு காற்றுத்துளை வேண்டும்; எலிக்குப் பயந்து அதை அடைத்துவிடாமல் கம்பிவலை போட்டுக்கொள்ளவேண்டும்.

நமக்குக் கூடும் இடம் கீழே இல்லை, மேலே இருக்கிறது. சித்திரை முழுநிலவில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் பதினெட்டுப் பேரும் வட்டமாக அமர்ந்து நிலாச்சோறு உண்பதற்கு ஈடான விருந்தறையை நான் கண்டதில்லை. பகலில் சுட்ட தளம் ஆறுவதற்கு மாலையில் நாலு குடம் தண்ணீர் தெளிக்கவேண்டும், அவ்வளவே. பானைகளை மேலே ஏற்றுவதுதான் தொல்லை. எங்கள் வீட்டில் கொல்லைத் தாழ்வாரத்துக்கு மேலே ஓர் உருளையும் கயிறும் கூடையும் கட்டியிருக்கிறோம். கிணற்றில் நீர் இறைப்பது போலச் சோறு இறைக்கிறோம் என்று என் பேத்தி சொல்லுவாள். அந்த மாணவருக்கும் இதையே காட்டினேன். அவருடைய தாயாரை அழைத்து வந்து, முழங்கையின் உயரத்தை அளந்துகொண்ட பிறகு கொத்தனாரிடம் போகும்படியும் சொன்னேன்.

உங்களுக்கும் அதே வேலையைத் தருகிறேன். ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் சமைப்பவர் நேராக நிற்க, அவருடைய முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். மேடையையும், அடுப்பையும், அன்றாடம் ஏறும் பானையையும் அளந்து கூட்டுங்கள். காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, அவர் அடுப்புக்கும் தண்ணீருக்கும் அரிசிப் பானைக்கும் இடையே எத்தனை அடி நடக்கிறார் என்று எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள், “சும்மா உட்கார்ந்திருக்கிறாயே, இந்தத் தேங்காயைத் துருவு” என்ற கட்டளை வந்தால் அதையும் செய்யுங்கள். ஆண்பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஓய்வு பெற்றபின் காலைக் காப்பியும் காய் நறுக்குவதும் என் பொறுப்பாகிவிட்டன. மனைவியின் அளவுக்குக் கட்டிய மேடை எனக்குத் தாழ்வு. அரைமணி நேரம் குனிந்து நறுக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஒரு நாள் முனகினேன். அவர் கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். அரைச்சுவரின் வழியே என்னைப் பார்த்து, “அந்தப் பழைய மணைப்பலகை பரண்மேல்தான் இருக்கிறது. அதை எடுத்து மேடைமேல் போட்டு, அதன்மேல் வைத்து நறுக்குங்கள்,” என்றார். எடுத்துப் போட்டேன். அளவு சரியாக இருக்கிறது.